ஸ்டோ அம்மையாரும் கல்வராயன் மலையும்

"கதைப் புத்தகம் படித்து யார் உருப்பட்டார்கள்?" என்று கேட்கும் பெரியவர் ஒருவராவது இல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் அபூர்வம். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பையன் நாவலைப் பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துக்கொண்டு படிப்பான். அடுப்பில் பால் பொங்கி வழிவது கூடத் தெரியாமல் தொடர்கதையில் ஆழ்ந்திருக்கும் பெண்ணுக்கு வசவு விழும். நாமும் சிறு பிராயத்தில் இந்த வசவுகளைத் தாராளமாக வாங்கியிருக்கிறோம். உபாத்தியாயராகிவிட்ட பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமானால், அவற்றை நாமே பிறருக்கு வழங்கியும் வருகிறோம். அதற்குப் பிராயச்சித்தமாக, ஒரு நாவல் செய்த காரியத்தைப் பற்றி இந்த வாரம் எழுத எண்ணினோம். அதை எழுதியவர் பிள்ளைகுட்டிக்காரியான ஒரு ஸ்திரீ. அடுப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவே அகப்பட்ட நேரத்தில் எழுதியவர். அமெரிக்க நாவலாசிரியர்களில் உலகப் புகழ் பெற்ற அவருடைய பெயர் ஹாரியட் பீச்சர் ஸ்டோ.

இவரைப் பற்றி இப்போது நினைக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் வானத்தின் ஓரத்தில் நீலக் கோடு போலக் கல்வராயன் மலை தெரியும். அந்த மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வந்து, விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் சிலர் நம் வகுப்பில் இருக்கிறார்கள். சில நாட்களுக்கு முன் ஸ்டோ அம்மையாரின் 'அங்கிள் டாம்ஸ் காபின்' என்ற நாவலின் கதையை வகுப்பில் சொல்லி முடித்தோம். பிள்ளைகள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கதை நன்றாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று நாம் உள்ளூர மெச்சிக்கொண்டிருந்த சமயத்தில், மலையிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"சார், அந்த டாம் தன் கதையைத் தானே ஏன் எழுதலை?"

நல்லவேளையாக அந்தக் கணத்தில் மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்விக்கு அன்று சொல்லாத பதிலைத்தான் இங்கே சொல்ல முயலுகிறோம். அதற்கு முன் கதையையும், கதாசிரியரின் கதையையும் நேயர்களுக்குச் சொல்லிவிடுவது முறையாகும்.

ஹாரியட் 1811-ம் வருஷம் ஜூன் 14-ந் தேதி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்து லிட்ச்பீல்டு என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் லைமன் பீச்சர் நாடறிந்த கிறிஸ்தவப் பிரசங்கி. ஹாரியட்டுக்கு ஐந்து வயதானபோது தாயார் காலமானார். மூத்த சகோதரி காதரின், பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான கல்வி வேண்டும் என்று ஹார்ட்போர்டு நகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். ஹாரியட் அங்கே மாணவியாகச் சேர்ந்து, பிறகு அங்கேயே உபாத்தியாயினியும் ஆனார். அவருடைய முதல் புத்தகம் 1833-ல் வெளிவந்தது. அது நாவலன்று, சிறுவர்களுக்கான பூகோளப் பாடப் புத்தகம்! பூகோளம் போதிக்கும் நம் சகோதர உபாத்தியாயர்கள் இதைக் கவனித்துத் தைரியம் கொள்ளலாம்.

1832-ல் தகப்பனாருக்கு ஒஹையோ மாகாணத்துச் சின்சினாட்டி நகரில் ஒரு வேதாகமக் கல்லூரியின் தலைமைப் பதவி கிடைத்து, குடும்பம் அங்கே பெயர்ந்தது. ஹாரியட்டின் வாழ்க்கையைத் திருப்பியது இந்த ஊர்தான். சின்சினாட்டிக்குத் தெற்கே ஓடுகிறது ஒஹையோ ஆறு. வடகரையில் அடிமை முறை இல்லை. தென்கரையிலுள்ள கென்டக்கி மாகாணத்திலோ மனிதரை மனிதர் விலைக்கு வாங்கலாம், விற்கலாம். ஓர் ஆற்றின் அகலந்தான் மனிதனுக்கும் சரக்குக்கும் இருந்த தூரம். இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து ஓடி வருபவர்களுக்கு வடகரையில் சிலர் ரகசியமாக அடைக்கலம் தந்து, கானடா தேசத்துக்கு வழியனுப்பி வந்தார்கள். ரிப்ளி என்ற கரையோர ஊரில் ராங்கின் என்னும் பாதிரியார் குன்றின் மேலிருந்த தம் வீட்டில் இரவுதோறும் விளக்கேற்றி வைத்து, ஓடி வருபவர்களுக்கு அடையாளம் காட்டினார். உறைந்து வெடித்த பனிக்கட்டிகளின் மேல் கைக்குழந்தையுடன் தாவித் தாவி ஆற்றைக் கடந்து வந்த ஒரு தாயின் விருத்தாந்தம் அந்த வட்டாரத்தில் பேசப்பட்டது. ஹாரியட் அதையும் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டார்.

1836-ல் அவருக்கும் கால்வின் ஸ்டோ என்ற பேராசிரியருக்கும் விவாகம் நடந்தது. மாப்பிள்ளைக்குக் கல்வி நிறைய, வருமானம் குறைவு. இந்தப் பொருத்தம் நம் ஊரிலும் அறியாததன்று. குழந்தைகள் ஏழு பேர் பிறந்தனர். வீட்டுச் செலவை ஈடுகட்ட ஹாரியட் பத்திரிகைகளுக்குக் கதைகளும் கட்டுரைகளும் எழுதினார். 1849-ல் சின்சினாட்டியில் காலரா பரவி ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. அம்மையாரின் ஒன்றரை வயதுக் குழந்தை சார்லியும் அதற்கு இரையானான். குழந்தையைப் பிரியும் அடிமைத் தாயின் வேதனை எத்தகையது என்பதை அந்தக் குழந்தையின் சாவுப் படுக்கையருகில்தான் அறிந்துகொண்டதாக அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இறந்த குழந்தையை நினைத்து அழுத பெண்மணிகள் உலகில் அநேகர். அந்தக் கண்ணீரைக்கொண்டு அயலாள் ஒருத்தியின் துயரத்தை அறிந்துகொண்டவர்கள் சிலரே.

1850-ல் கணவருக்கு மேயின் மாகாணத்தில் வேலை கிடைத்து, குடும்பம் பிரன்ஸ்விக் என்ற ஊருக்குச் சென்றது. அதே வருஷம் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு கொடிய சட்டத்தை நிறைவேற்றியது. ஓடிப்போன அடிமை எந்த மாகாணத்தில் ஒளிந்திருந்தாலும் பிடித்து எஜமானனிடம் ஒப்படைக்க வேண்டும். அடைக்கலம் தந்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. 'அடிமை முறை தெற்கத்தியார் விவகாரம், நமக்கென்ன?' என்று இருந்த வடக்கத்தியாரையும் சட்டம் போலீஸ்காரர்களாக்கிவிட்டது. அப்போது அம்மையாரின் அண்ணி ஒருவர், 'உன்னைப் போல் எழுத எனக்கு வந்தால் இந்த அக்கிரமத்தை நாடு முழுவதும் உணரும்படி எழுதுவேன்' என்ற கருத்தில் ஒரு கடிதம் எழுதினாராம். 1851 பிப்ரவரியில் மாதா கோயில் பூஜையில் அமர்ந்திருந்த அம்மையாரின் மனக்கண் முன், சவுக்கடியால் உயிர் விடும் ஒரு கிழ அடிமையின் தோற்றம் எழுந்ததாம். வீட்டுக்கு வந்து முதலில் அந்த மரணக் காட்சியைத்தான் எழுதினார் என்று சொல்லுகிறார்கள்.

வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிக்கும் நம் நேயர்களுக்கு அடுத்து வரும் விஷயம் பிடிக்கும். இந்த நாவலும் வாரப் பத்திரிகைத் தொடர்கதையாகத்தான் பிறந்தது! வாஷிங்டன் நகரில் வெளிவந்த 'நாஷனல் இரா' என்ற பத்திரிகையில் 1851 ஜூன் மாதம் தொடங்கியது. மூன்று நான்கு இதழ்களில் முடித்துவிடலாம் என்று எண்ணித்தான் அம்மையார் ஆரம்பித்தார். கதையோ வளர்ந்து வளர்ந்து 1852 ஏப்ரல் வரை ஓடிற்று. தொடர்கதை முடிவதற்குள்ளாகவே, 1852 மார்ச் 20-ந் தேதி, பாஸ்டன் நகரத்து ஜூவெட் என்ற பிரசுரகர்த்தர் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். கென்டக்கியில் ஷெல்பி என்ற பண்ணைக்காரர் இருக்கிறார், அடிமைகளிடம் தயவுள்ளவர். ஆனால் கடன் கழுத்தை நெரித்ததும், தம்மிடம் மிகவும் விசுவாசமாயிருந்த டாமையும், எலைசா என்ற அடிமைப் பெண்ணின் சிறு மகனையும் விற்க இசைகிறார். எலைசா குழந்தையை அணைத்துக்கொண்டு பனிக்கட்டிகள் மிதக்கும் ஒஹையோ ஆற்றைக் கடந்து தப்புகிறாள். டாம் தப்பியோடவில்லை; தான் ஓடினால் மற்றவர்கள் விற்கப்படுவார்கள் என்று அடங்கிப் போகிறான். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைச் சேர்ந்த செயின்ட் கிளேர் என்ற நல்ல மனிதர் அவனை வாங்குகிறார். அவருடைய சிறு மகள் ஈவா அவனிடம் உயிராயிருக்கிறாள். குழந்தை இறக்கிறாள், தகப்பனாரும், டாமை விடுதலை செய்கிறேன் என்று வாக்களித்தபடியே, அதைச் செய்து முடிக்கு முன் இறக்கிறார். டாம் மறுபடி ஏலத்துக்கு வருகிறான். சைமன் லெக்ரீ என்ற கொடியவனின் பருத்தித் தோட்டத்தில் போய் விழுகிறான். சக அடிமைப் பெண் ஒருத்தியைச் சவுக்கால் அடிக்கச் சொல்லுகிறான் லெக்ரீ, டாம் மறுக்கிறான். தப்பிச் சென்ற இரண்டு பெண்கள் ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல் என்கிறான், அதற்கும் மறுக்கிறான். அடித்தே கொன்றுவிடுகிறார்கள். பழைய எஜமானரின் மகன் ஜார்ஜ் அவனை மீட்கப் பணத்துடன் வந்து சேரும்போது காலம் கடந்துவிடுகிறது.

இந்தக் கதையில் நல்ல எஜமானர்கள் இரண்டு பேர் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் கடன்படுகிறார், இன்னொருவர் தாமதம் செய்கிறார். இருவருடைய நல்ல குணமும் டாமைக் காப்பாற்றவில்லை. ஒரு மனிதனுடைய கதி மற்றொரு மனிதனுடைய தயவில் தொங்கும் வரையில், அந்தத் தயவு எவ்வளவு பெரிதானாலும் அது நீதி ஆகாது. அம்மையாரின் நூலில் நாம் கண்ட சாரம் இதுதான்.

புத்தகம் விற்ற விதத்தைச் சொன்னால் நம்ப முடியாது. முதல் வருஷத்தில் அமெரிக்காவில் மட்டும் 3 லட்சம் பிரதிகள். இங்கிலாந்தில் 10 லட்சத்துக்கும் மேல். தமிழின் முதல் நாவலான வேதநாயகம் பிள்ளையவர்களின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது 1879-ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பழைய சங்கதி என்பது விளங்கும். அடிமை முறைக்கு எதிராக இங்கிலாந்துப் பெண்கள் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் 26 பெரிய தொகுதிகளாகக் கட்டப்பட்டு அம்மையாரிடம் அளிக்கப்பட்டது. தென் மாகாணங்களிலோ ஆத்திரம் பொங்கிற்று. 'எல்லாம் கட்டுக்கதை' என்றார்கள். அம்மையார் சளைக்கவில்லை. கோர்ட்டுத் தீர்ப்புகள், பத்திரிகை விளம்பரங்கள், நேரில் கண்டோர் சாட்சியங்கள் ஆகியவற்றைத் திரட்டி, 1853-ல் நாவலுக்கு ஆதார நூல் ஒன்றைத் தனியாகவே வெளியிட்டார். மேரிலாந்து மாகாணத்தில் சாமுவேல் கிரீன் என்ற கறுப்பினப் போதகர் வீட்டில் இந்த நாவலின் பிரதி ஒன்று அகப்பட்டது. அதை வைத்திருந்த குற்றத்துக்காக 1857-ல் அவருக்குப் பத்து வருஷச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது! கதைப் புத்தகத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு, அந்த நீதிபதியே பதில் சொல்லிவிட்டார். கதைக்கு அஞ்சும் சர்க்கார்கள் நமக்கும் புதியவையல்ல. கல்கியின் 'தியாக பூமி' 1939-ல் படமாக வந்தபோது பிரிட்டிஷ் சர்க்கார் அதைத் தடை செய்த வரலாற்றை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. 1862-ல் அம்மையார் ஜனாதிபதி லிங்கனைச் சந்தித்தார். இந்தப் பெரிய யுத்தத்தை உண்டாக்கிய சின்னப் பெண்மணி இவர்தாமா என்று லிங்கன் வேடிக்கையாகக் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. சந்திப்பு நடந்து முப்பது வருஷங்களுக்கும் பிறகே அது அச்சில் வந்தபடியால், ஆராய்ச்சியாளர்கள் அதை நம்புவதில்லை. 1863 ஜனவரி 1-ந் தேதி விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வந்தது. 1865-ல் அரசியல் சட்டத் திருத்தத்தால் அடிமை முறை நாடெங்கும் ஒழிந்தது.

பிறகும் அம்மையாரின் பேனா ஓயவில்லை. 1856-ல் 'டிரெட்', 1859-ல் 'தி மினிஸ்டர்ஸ் வூயிங்', 1869-ல் 'ஓல்டுடவுன் போக்ஸ்' என்று சுமார் முப்பது புத்தகங்கள் எழுதினார். ஆயினும் புத்திர சோகம் அவரை விடாமல் துரத்திற்று. 1857-ல் மூத்த மகன் ஹென்றி ஆற்றில் மூழ்கி இறந்தான். யுத்தத்துக்குச் சென்ற மகன் பிரெடரிக் 1863-ல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் தலையில் காயமுற்றான். குடிப்பழக்கம் அவனை முன்பே பற்றியிருந்தது. யுத்தத்துக்குப் பின் அது முற்றியது. கடைசியில் சான் பிரான்சிஸ்கோ நகருக்குச் சென்றவன் என்ன ஆனான் என்றே தெரியவில்லை. உலகத்துத் தாய்மாரின் கண்ணீருக்காக எழுதிய தாய், தன் மகன் எங்கே என்று தெரியாமலே முதுமையடைந்தார். ஹார்ட்போர்டு நகரில் அவருக்கு அண்டை வீட்டுக்காரர் மார்க் ட்வெயின். ட்வெயின் 1896-ம் வருஷத் தொடக்கத்தில் நம் இந்தியாவில் ஊர் ஊராகச் சொற்பொழிவு நிகழ்த்திச் சென்றார். அதே வருஷம் ஜூலை 1-ந் தேதி, ஞாபக சக்தி மங்கிய நிலையில், ஸ்டோ அம்மையார் தமது 85-வது வயதில் காலமானார்.

இனி அந்த மலைப் பெண்ணின் கேள்விக்கு வருவோம்.

டாம் தன் கதையைத் தானே எழுதாததற்கு நாவலிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. கதையின் ஆரம்பத்தில் எஜமானரின் சிறுவன் ஜார்ஜ், பலகையில் எழுத்துகளை எழுதிக் காட்டி டாமுக்குப் போதிக்கிறான். டாம், சிறு பிள்ளையைப் போல அதைப் பார்த்து எழுதப் பழகுகிறான். தென் மாகாணங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது சட்டப்படி குற்றமாக இருந்தது. பூட்டு கையில் மட்டுமன்று, நாவிலும் விரலிலும் பூட்டப்பட்டிருந்தது.

ஆனால் இது பாதிப் பதில்தான். மறு பாதி அமெரிக்கச் சரித்திரத்திலேயே இருக்கிறது. அதைத்தான் நாம் வகுப்பில் சொல்லாமல் விட்டுவிட்டோம். டாம்கள் எழுதத்தான் செய்தார்கள். அம்மையாரின் நாவலுக்கு ஏழு வருஷம் முன்னதாகவே, 1845-ல், பிரெடரிக் டக்ளஸ் என்ற தப்பி வந்த அடிமை தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். 1849-ல் ஜோசையா ஹென்சன் என்பவர் தம் கதையைச் சொல்லி எழுதுவித்தார். டாமின் பாத்திரத்துக்கு இவருடைய வாழ்க்கை ஒரு மூலம் என்பது பிரசித்தம். இன்னொருவர் ஹாரியட் ஜேகப்ஸ் என்ற பெண்மணி. எஜமானனின் கொடுமைக்கு அஞ்சி, தம் பாட்டியார் வீட்டுக் கூரைக்கடியில், நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாத பொந்தில் ஏறக்குறைய ஏழு வருஷம் ஒளிந்திருந்தவர் இவர். கீழே தம் குழந்தைகள் விளையாடுவதைச் சிறு துவாரத்தின் வழியே பார்ப்பார். 'அம்மா இங்கே இருக்கிறேன்' என்று குரல் கொடுக்க முடியாது.

1853-ல் ஜேகப்ஸின் கதையை ஸ்டோ அம்மையாரிடம் ஒரு தோழியின் மூலம் தெரிவித்தார்கள். அம்மையார் என்ன செய்தார்? அது உண்மைதானா என்று ஜேகப்ஸ் வேலை பார்த்த வீட்டு எஜமானிக்கு எழுதி விசாரித்தார். உண்மையானால் தம்முடைய ஆதார நூலில் அதைச் சேர்த்துக்கொள்வதாகவும் எழுதினார். யாருக்கும் சொல்லாத தம் அந்தரங்கத்தைத் தம்மைக் கேளாமலே வேறொருவரிடம் வெளிப்படுத்தியதில் ஜேகப்ஸின் மனம் புண்பட்டது. தம் கதை இன்னொருவர் புத்தகத்தில் ஓர் உதாரணமாகக் கிடப்பதை அவர் விரும்பவில்லை. பகலெல்லாம் பிறர் குழந்தைகளை வளர்த்து, இரவில் கண் விழித்துத் தாமே எழுதினார். 1861-ல் புனைபெயரில் அந்த நூல் வெளிவந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எழுதிய கற்பனை என்றே நெடுங்காலம் படிப்பாளிகள் பலர் கருதி வந்தார்கள். 1980-களில்தான் ஜீன் பேகன் யெலின் என்ற ஆராய்ச்சியாளர் கடிதங்களைத் தேடி எடுத்து, அது ஜேகப்ஸ் தாமே எழுதிய சுயசரிதை என்று நிலைநாட்டினார்.

ஸ்டோ அம்மையாரின் பெருமையை இதனால் குறைத்துப் பேசுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர் கதவைத் திறந்தார். கோடிக் கணக்கானோர் கண் திறந்தது. ஆனால் இரக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. அவருடைய நூலில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் பொறுமையின் உருவங்களாகவோ நகைப்புக்கு உரியவர்களாகவோ வருகிறார்கள். விடுதலை பெற்ற குடும்பத்துக்கு அவர் காட்டும் வழியும் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிச் செல்வதுதான். கறுப்பின எழுத்தாளரான ஜேம்ஸ் பால்டுவின் 1949-ல் இந்த நாவலை மிகக் கடுமையாகக் கண்டித்தார். 'அங்கிள் டாம்' என்ற பெயரே, எஜமானனுக்குக் கூழைக்கும்பிடு போடுபவனைக் குறிக்கும் வசைச்சொல்லாகிவிட்டது. நாவலில் இருக்கும் டாமோ இரண்டு பெண்களைக் காட்டிக் கொடுக்க மறுத்து உயிர் விட்டவன். கதையை நாடகமாக்கியவர்கள் அவனைக் கோமாளியாக்கியதும் இந்த அவப்பெயருக்கு ஒரு காரணம்.

இவையெல்லாம் அமெரிக்காவின் சங்கதி, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் தேசத்திலும் அடிமை இருந்தது. மனிதரை விற்ற ஓலைகள் தமிழ்நாட்டில் கிடைத்திருக்கின்றன. 1843-ல் கம்பெனி சர்க்கார் அடிமை முறைக்குச் சட்டத்திலிருந்த ஆதரவை நீக்கிற்று. பெயர் மாறிப் பண்ணையாளாக, படியாளாக அது தொடர்ந்தது. மகாத்மா ஜோதிராவ் புலே 1873-ல் தாம் எழுதிய 'குலாம்கிரி' என்ற மராத்தி நூலை, அடிமைகளின் விடுதலைக்காகத் தியாகம் செய்த அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அவருக்கு இது அயலார் கதையாகப் படவில்லை.

நமக்கோ இன்னும் அருகில் இருக்கிறது. கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி மலையேறினால் வெள்ளிமலை. அங்கும் சுற்றிலுமுள்ள கிராமங்களிலும் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. இந்த மலை நெடுங்காலம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் ஆளுகையில் இருந்தது. 1947-ல் தேசம் சுதந்திரம் பெற்றது. 1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. மலைமேல் மட்டும் ஜாகீர் நீடித்தது. ஜாகீர்தாருக்கு வரி செலுத்துவதும், அவர் நிலத்தில் கூலியின்றி வெட்டி வேலை செய்வதும் குடிகளின் கடமையாயிருந்தது. வழக்குகளெல்லாம் முடிந்து சர்க்கார் இந்த மலையைத் தன் நேர் நிர்வாகத்தில் ஏற்றது 1976-ம் வருஷத்தில்! கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றியதும் அதே வருஷந்தான். செங்கோட்டையில் ஏறிய கொடி கல்வராயன் மலையேற 29 வருஷம் பிடித்தது.

அமெரிக்காவின் ஏலச் சந்தையும் நம் மலையின் வெட்டி வேலையும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. தாயையும் பிள்ளையையும் பிரித்து விற்கும் சந்தை கல்வராயனில் இருந்ததாக நாம் அறியோம். ஆயினும், ஒருவனுடைய உழைப்பு இன்னொருவனுக்குப் பிறப்பாலேயே சொந்தம் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது. சட்டம் வந்த மறுநாளே விடிந்துவிடவில்லை என்பதும் பொது. பிழைப்புத் தேடிச் செம்மரம் வெட்டச் சென்ற தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் 2015-ல் ஆந்திராவின் சேஷாசலக் காட்டில் போலீஸார் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 2024 ஜூன் மாதம் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பின்னர்தான் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை ஹைகோர்ட்டு தானாகவே ஒரு வழக்காக எடுத்து விசாரிக்க முற்பட்டது. கீழே பிணங்கள் விழுந்த பிறகே மேலே வாழும் மனிதர்கள் எல்லோர் கண்ணிலும் பட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கும் ஒரு ஸ்டோ வாய்த்தார். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் வைத்தியராயிருந்த டாக்டர் பி. எச். டேனியல், அங்கே தொழிலாளர் பட்ட பாட்டைக் கண்டும் கேட்டும், 1969-ல் 'ரெட் டீ' என்ற நாவலை இங்கிலீஷில் எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கியது 2007-ல். தோட்டத் தொழிலாளிகளின் பேரப் பிள்ளைகள் தங்கள் பாட்டன் கதையைத் தங்கள் மொழியில் படிக்க அத்தனை காலம் ஆயிற்று. ஆனைமலைக்கு ஒரு டேனியல் கிடைத்தார். கல்வராயன் மலையின் கதையை யார் எழுதுவது?

மறுநாள் வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு டக்ளஸ், ஜேகப்ஸ் ஆகியோரின் கதையைச் சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. பத்து நாள் கழித்து, தன் பாட்டி சொன்னதென்று நோட்டுப் புத்தகத்தில் சில பக்கங்கள் எழுதிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். பழக்க தோஷத்தால் சிவப்பு மைப் பேனாவை எடுத்துத் திறந்தோம். இரண்டு பக்கம் படித்ததும் பேனாவை மூடிவிட்டோம். திருத்துவதற்கு அதில் எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆனால் நமக்குத் தெரிந்த விஷயம் ஒன்றுகூட இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பக்கங்களிலிருந்து இரண்டொரு சம்பவங்களை எடுத்து இந்தக் கட்டுரையில் சேர்த்தால் எவ்வளவு சோபிக்கும் என்ற ஆசை நமக்கு எழுந்தது. ஸ்டோ அம்மையார் ஜேகப்ஸ் விஷயத்தில் செய்த பிழையைச் சற்று முன்புதான் நேயர்களுக்கு எடுத்துக் காட்டினோம். அதே பிழையைச் செய்ய நமக்கு ஒரு நிமிஷம் கூடத் தேவைப்படவில்லை. ஆகவே அவளையே கேட்டோம்.

"இதைப் பத்திரிகையில் போடலாமா, அம்மா?"

"இன்னும் முடியலை சார். பாட்டி மீதியைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனா சொல்றேன்னிருக்காங்க. முடிச்சிட்டு நானே அனுப்புறேன்" என்றாள்.

நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதில் வெற்றுப் பக்கங்கள் கொஞ்சந்தான் மிச்சமிருந்தன. ஆகையால் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஒரு மலையின் கதைக்கு உபாத்தியாயர் செய்யக்கூடிய கைங்கரியம் இவ்வளவுதான் என்று தோன்றுகிறது. நேயர்களும் தங்கள் வீட்டில் கதைப் புத்தகத்தோடு அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் திட்டுவதற்கு முன் சற்று யோசிக்க வேண்டுகிறோம். பால் பொங்கி வழிந்தால் துடைத்துக்கொள்ளலாம்.